ஸ்டைல் ஷீட்டுக்கு ஒரு கைத்தறி முத்திரை

கொங்கு மண்டலக் கைத்தறிப் போர்வை உற்பத்தியாளர் கூட்டுறவு இணையத்துக்கு, தொண்ணூற்றெட்டாம் வருடம் ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அனைத்துக் கூட்டுறவு நிறுவனங்களும் வருகிற பொங்கலுக்குள் இணையத்தில் இடம்பெற்றாக வேண்டும் என்பது உத்தரவு. வடகோவையில் இருந்த தலைமை அலுவலகத்தில் அதை மேலாண்மை இயக்குநர் அரங்கசாமி உரக்கப் படித்தார். தலைவர் பாலுசாமி கண்ணை மூடிக் கேட்டார். அவர் எதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். கையெழுத்தும் அப்படித்தான் போடுவார்.

"நாமதானுங்களே இணையம்?" என்றார் கடைசியில். "நமக்குள்ள நாமளே எப்படீங்க எடம்பெறுறது?"

அரங்கசாமி அரசாங்கத்தில் பல துறைகளைப் பார்த்தவர். கேள்வி எதுவானாலும் பதிலை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் யோசிப்பது அவர் வழக்கம். 'எங்கள் இணையம் பதிவான நாள் முதலே இணையத்தில்தான் இடம்பெற்றுள்ளது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதி அனுப்பினார். அது வேறு இணையம், கம்ப்யூட்டருக்குள் இருப்பது, அதில் உங்கள் நிறுவனத்தைப் பற்றி ஒரு பக்கம் திறக்க வேண்டும், தை மாதம் அமைச்சரே வந்து திறந்துவைப்பார் என்று சென்னையிலிருந்து விளக்கம் வந்தது. பாலுசாமிக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரே பேரில் இரண்டு சங்கம் பதிவு செய்யக் கூடாது என்று சட்டம் இருக்க, இந்த இன்னொரு இணையத்துக்கு அனுமதி கொடுத்தது யார் என்று பதிவாளருக்கு ஆட்சேபம் எழுதச் சொன்னார். ஆட்சேபம் போனது. பதில் வரவில்லை.

பக்கம் திறக்கிற வேலை பிரான்சிஸ் தலையில் விழுந்தது. இணையத்தில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அதற்கு ஆயுத பூஜையன்று சந்தனம் வைப்பதோடு சரி.

பாலுசாமியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மனிதர் மரியாதைக்குப் பேர்போனவர். டிரைவருக்கு 'ங்க', டீக்கடைக்காரருக்கு 'ங்க', அலுவலக வாசலை மறித்து நிற்கும் எருமையிடம்கூட "அக்கட்டால போங்க" என்பார். அந்த 'ங்க' பிரான்சிஸிடம் வரும்போது மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். "ஏப்பா பிரான்சிசு, இங்க வா." அதில் கோபமும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. அவருக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். பிரான்சிஸின் அப்பா மாசாணம் பாலுசாமியின் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். மாசாணம் ஞானஸ்நானம் வாங்கிப் பார்த்தார், மகனுக்கு வெள்ளைக்காரப் பேர் வைத்துப் பார்த்தார், படிக்கவும் வைத்துப் பார்த்தார். எல்லாம் வந்தது, 'ங்க' வரவில்லை.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன்னால் பிரான்சிஸ் கிடங்கில் இருந்தார். அங்கே அவருக்கு ஒரே வேலை, முத்திரை அடிப்பது. 'கையால் நெய்தது' என்று வெட்டிய மரக்கட்டையை ஊதா மையில் தொட்டு ஒவ்வொரு போர்வையின் ஓரத்திலும் அழுத்த வேண்டும். போர்வைகள் தலைவரின் சொந்தக்காரர்கள் நடத்தும் விசைத்தறிக் கொட்டகைகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும். சில நேரம் மிசின் எண்ணெய் நாற்றம்கூடப் போயிருக்காது. அவற்றை நெய்ததில் கைக்கு இருந்த பங்கு, சுவிட்சைப் போட்டதுதான். பிரான்சிஸ் அடித்தார். தற்காலிகப் பணியாளர் அடிக்காமல் என்ன செய்வார்? மை பெருவிரலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் மனைவி அன்புக்கரசி எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கைகூப்பும்போது பிரான்சிஸ் அந்தப் பெருவிரலை உள்ளே மடக்கிக்கொள்வார். மாதா சிலை பார்த்துவிடும் என்ற பயமல்ல. பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவர் கைத்தறி நெசவாளர். வேலையில்லாமல் தறியை விறகுக்குப் போட்டவர். அவருக்கு அந்த ஊதா நிறம் தெரியும். 

காந்திபுரத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டதே அந்தக் கட்டையிடமிருந்து தப்பிக்கத்தான். கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்கு மாற்றல் கிடைத்த அன்று, "இனி மை ஒட்டாது அம்மணி" என்று அன்புக்கரசியிடம் சொன்னார். வேலை இன்னமும் தற்காலிகம்தான். ஆனால் விரல் வெளுத்துவிட்டது.

இணையப் பக்கம் செய்வது எப்படி என்று தேடிப் படித்தபோதுதான் ஸ்டைல் ஷீட் என்ற சங்கதி அவருக்குத் தெரியவந்தது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு தாளில். அது எப்படித் தெரிய வேண்டும், எந்த நிறம், எவ்வளவு பெரிய எழுத்து, எங்கே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் இன்னொரு தாளில். இந்த இரண்டாவது தாள்தான் ஸ்டைல் ஷீட். அதைத் தானாக உண்டாக்கித் தருகிற சாப்ட்வேர்களும் இருந்தன. எடிட்டர் என்ற, எழுதுவதற்கான சாப்ட்வேரில் கையாலேயே வரிவரியாக எழுதவும் செய்யலாம். பேரை எழுதி முக்காற்புள்ளி வைத்து, மதிப்பை எழுதி அரைப்புள்ளி வைக்க வேண்டும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் அடுத்த வரியும் சேர்ந்து கெட்டுவிடும். பிரான்சிஸுக்கு அது பிடித்துப்போனது. இந்தக் கட்டடத்திலிருந்து நிஜமாகவே கையால் செய்த ஒரு பொருள் வெளியே போகட்டும், அது தன் கையாக இருக்கட்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை முளைத்தது. ஆசை சின்னதுதான். வினை அதில்தான் இருந்தது.

நிர்வாகக் குழுவுக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார்: "ஸ்டைல் ஷீட்டைக் கையிலயே எழுதிப்போடலாமுங்க. அதுக்கு ஒரு எடிட்டர் மட்டும் முடிவு பண்ணோணுமுங்க."

ஷீட் என்றதும் குழு நிமிர்ந்து உட்கார்ந்தது. அது அவர்கள் தொழில்.

"டபுள் கட்டிலுக்கா, சிங்கிளுக்கா?" என்றார் பாலுசாமி.

"அதுக்கு அளவு கெடையாதுங்க."

"அளவில்லாத ஷீட்டு எந்த ஊர்லப்பா இருக்குது? செரி, கையில செய்யறேங்கறே, நம்ம கொள்கைக்கு ஒத்து வருது. எடிட்டரு எதுக்கு?"

"எழுதறதுக்குங்க."

"நீ எழுதறயா, அவரு எழுதறாரா?"

"நான்தானுங்க எழுதறேன். அதுலதான் எழுதோணும்."

எடிட்டர் மேல் எப்படி எழுதுவது என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துபோகும். 'இணையத்துக்கு ஓர் எடிட்டர் தேர்வு செய்யப்படுவார்' என்று தீர்மானம் நிறைவேறியது. எடிட்டர் என்ற ஆங்கிலச் சொல்லை ஆவணத்தில் ஏற்றக் கூடாது என்பதால் அரங்கசாமி அதை 'ஆசிரியர்' என்று தமிழாக்கினார். கையால் எழுதுவோருக்கு முன்னுரிமை என்று சேர்த்து வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

வேலைவாய்ப்பு அலுவலகம் ஆசிரியர்களை அனுப்பியது. பி.எட். முடித்துவிட்டுப் பதிவு மூப்புக்காகத் தலைநரைக்கக் காத்திருந்தவர்கள் அலுவலக நடையில் வரிசையாக நின்றார்கள். எல்லோருடைய துணியிலும் இஸ்திரி மடிப்பு இருந்தது. செய்தி எப்படியோ கசிந்து, கல்யாண வீடியோ எடிட்டர் ஆறுச்சாமியும் வந்திருந்தார். "மாப்பிள்ளை மொகத்தை ஒரு இதயத்துலயும் பொண்ணு மொகத்தை இன்னொரு இதயத்துலயும் சுத்த உடுவனுங்க. உங்க போர்வையையும் சுத்த உடலாமுங்க" என்றார். தேர்வுக் குழுவுக்கு அவரைப் பிடித்துப்போய்க் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள்.

வரிசையில் நின்ற சாஜிதா பேகம் தமிழ் படித்தவர். அவரிடம் பாலுசாமி கேட்டார்: "ஏனுங்கம்மா, ஷீட்டு எழுத வருங்களா?"

"எதுன்னாலும் எழுதுவனுங்க. பாடம் எடுக்கச் சொன்னாலும் எடுப்பனுங்க."

"கையில எழுதுவீங்களா?"

அந்த அம்மா ஒரு நொடி தன் கையைப் பார்த்துக்கொண்டார். "கையிலதானுங்களே எழுதுவாங்க?" என்றார்.

பிரான்சிஸால் பொறுக்க முடியவில்லை. எடிட்டர் என்பது ஆளல்ல, எழுதுவதற்கான ஒரு சாப்ட்வேர் என்று எழுந்து சொன்னார்.  தேர்வுக் குழு தன்னைத்தானே அவமானப்படுத்திக்கொண்டது போதாதென்று பிரான்சிஸையே முறைத்தது. "இதை மொதல்லயே சொல்றதுக்கென்னப்பா?" என்றார் பாலுசாமி. நடையில் நின்றவர்களைத் திருப்பி அனுப்புகிற வேலையும் பிரான்சிஸுக்கே வந்தது. சாஜிதா பேகம் சான்றிதழ்களை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டே, "அடுத்த வருசம் கூப்பிடுவீங்களா?" என்று கேட்டார். பிரான்சிஸ் தலையைக் குனிந்துகொண்டு, கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டார். அது பொய் என்று அந்த அம்மாவுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு உண்மையான எடிட்டரைத் தேடும் படலம் ஆரம்பித்தது. பிரான்சிஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வருகிற நோட்பேட் போதும். வெறும் வெள்ளைத் திரை, எழுதினால் எழுத்து வரும், அவ்வளவுதான்.

"விலை?" என்றார் அரங்கசாமி.

"விலை கெடையாதுங்க சார். சும்மாவே வருது."

அரங்கசாமி பேனாவை மூடி வைத்தார். "தம்பி, ஒரு பொருளை வாங்க மூன்று விலைப்புள்ளி வேண்டும். விலையே இல்லாத பொருளுக்கு மூன்று விலைப்புள்ளியை நான் எங்கே போய் வாங்குவேன்? விலைப்புள்ளி இல்லாமல் வாங்க முடியாது. வாங்காததைத் தேர்வு செய்ய முடியாது. தேர்வு செய்யாததைப் பயன்படுத்தினால் தணிக்கைக்காரன் கேட்பான். சும்மா கிடைக்கிறதே என்று எடுத்துக்கொள்ள இது என்ன தர்ம சத்திரமா? இந்த இணையத்தில் எதுவும் சும்மா வந்ததாக வரலாறே கிடையாது."

இரண்டாவது எடிட்டரைப் பார்க்கக் குழு வேன் வைத்துக்கொண்டு சரவணம்பட்டிப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போனது. மதியச் சாப்பாடு கல்லூரிச் செலவு. பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடுகிற 'வி-ஐ' என்ற எடிட்டரை ஒரு பேராசிரியர் திறந்து காட்டிவிட்டு, மணி அடித்ததால் வகுப்புக்குப் போய்விட்டார். பாலுசாமி அதில் தன் பேரைத் தட்டினார். பேரில் பாதிதான் வந்தது. மீதிக்கு மிசின் கீச்சுக் கீச்சென்று கத்தியது. வெளியே வரலாம் என்றால் வழி தெரியவில்லை. குழு உறுப்பினரான டைரக்டர் ஒருவர் எல்லா விசையையும் அழுத்திப் பார்த்தார், இன்னொருவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். அன்று பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் பட்ட பாட்டை அந்தக் கல்லூரிதான் சொல்ல வேண்டும்.

பாலுசாமிக்கு ஆனால் அந்த எடிட்டர் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. திரும்பி வரும்போது வேனில் சொன்னார்: "உள்ள வந்தவன் வெளிய போகாம இருக்கறது நல்ல அமைப்புங்க. நம்ம டைரக்டருங்க எல்லாம் அப்படித்தான இருக்கறோம்? எலக்சன் நடந்து எத்தனை வருசமாச்சு, ஒருத்தராச்சும் போனமுங்களா?" டைரக்டர்கள் பெருமையோடு சிரித்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் மடியில் எல்லோருடைய கைப்பைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரான்சிஸும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று அப்புறம் வெட்கப்பட்டார்.

மூன்றாவது எடிட்டர் தானாகவே வந்தது. தலைவரின் தங்கை மகன் மிதுன் ஒரு பளபளப்பான பெட்டியோடு வந்தான். அதற்கு விலை இருந்தது. விலைப்புள்ளிகள் மூன்றையும் அவனே கொண்டுவந்திருந்தான்.

"இதுல நீங்க ஒரு எழுத்துக்கூட எழுத வேண்டாமுங்க மாமா. படத்தை இழுத்து வெச்சாப் போதும், ஷீட்டு அதுவா ஓடும்."

'அதுவா ஓடும்' என்ற சொல்லைக் கேட்டதும் குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஊரில் அப்படிச் சொல்வது விசைத்தறியைத்தான். பிரான்சிஸுக்கு நம்பிக்கை வந்தது. அரங்கசாமி எழுந்தார்.

"இது விசைத்தறி எடிட்டர். கைத்தறி இணையத்தில் விசைத்தறிக்கு இடமில்லை. இதைச் சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன். ஆனால் கொள்கை வேறு, கொள்முதல் வேறு. கொள்கையைச் சுவரில் எழுதுகிறோம். கொள்முதலைக் கிடங்கில் இறக்குகிறோம். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துவிடாமல் காப்பதற்குத்தான் நிர்வாகம் என்று பேர். போர்வை எங்கே நெய்தது என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? எடிட்டரை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?"

கை தட்டினார்கள். ஆனாலும் கொள்கைக்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டுமே. பிரான்சிஸும் ஒரு ஷீட் எழுதிவரட்டும், மிதுனும் ஒன்று கொண்டுவரட்டும், எது கைத்தறி என்று தலைவரே பார்த்துச் சொல்வார் என்று முடிவாயிற்று.

அந்தக் கார்த்திகை மாதம் முழுக்கப் பிரான்சிஸ் சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தணிக்கைக்கு உட்படாத அந்த நோட்பேடில் எழுதினார். தலைப்புக்குப் பவானி ஜமுக்காளத்தின் சிவப்பு. எழுத்துக்கு நல்ல கறுப்பு. ஓரத்தில் இடம் விட்டார், போர்வைக்குக் கரை விடுகிற மாதிரி. எழுதி, பார்த்து, அழித்து, மறுபடி எழுதினார். அரைப்புள்ளி ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு நாள் அன்புக்கரசியைக் கூட்டிவந்து காட்டினார். "இத்தனையும் நீங்களேவா எழுதுனீங்க?" என்று அவர் திரையைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். "தொடு அம்மணி, ஒண்ணும் ஒட்டாது" என்றார் பிரான்சிஸ். அவர் வாழ்க்கையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வாக்கியங்களில் அது ஒன்று.

சோதனை நாள் வந்தது. இரண்டு ஷீட்களையும் தாளில் அச்சடித்து மேசையில் விரித்தார்கள். பாலுசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரான்சிஸின் தாளைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓரத்தை நீவினார். வரி வரியாக, ஒரே சீராக, தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லாமல் இருந்தது.

"பிசிறே இல்லியே" என்றார். "இது மிசின்ல ஓட்டுனதுங்க."

மிதுனின் தாள் பக்கம் பக்கமாக நீண்டது. ஒரே கட்டளை நூறு இடத்தில் வந்தது. ஓரிடத்தில் நீலம் என்றது, அடுத்த வரியிலேயே அதை மறந்து பச்சை என்றது. தொடங்கியதைப் பல இடத்தில் முடிக்கவே இல்லை.

"பாருங்க, அங்கங்க சிக்கல் உழுந்திருக்குது. இழை உட்டுப்போயிருக்குது. மனுசக் கை பட்டதுன்னா இப்படித்தானுங்க இருக்கும்" என்றார் பாலுசாமி பரவசத்தோடு. அரங்கசாமி ஆமோதித்தார். டைரக்டர்களும் ஆளுக்கொரு முறை தாளைத் தேய்த்துப் பார்த்து ஆமோதித்தார்கள்.

பிரான்சிஸ் மேசைக்குப் பக்கத்தில் வந்தார். "அய்யா, அது மிசின் ஓட்டுனதுங்க. இதுதானுங்க நான் கையில எழுதுனது. நெசமாலுமுங்க."

பாலுசாமி கோபப்படவில்லை. வாஞ்சையாகத்தான் சொன்னார்: "நீ சொன்னா யாரப்பா நம்புவாங்க? இத்தனை வருசமாக் கெடங்குல நீ முத்திரை அடிச்சியே, அதை நாங்களே ஒருநாளும் நம்புனதில்லியே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் இருந்த நியாயம் பிரான்சிஸுக்கே தெரிந்தது.  பொய்யாக அடித்த முத்திரைகளெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு நிஜத்தைத் தின்றுவிட்டன. தன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தை மாதம் அமைச்சர் வந்தார். அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடை நடுவில் மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ரோஜா மாலை. திரைக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது. டெலிபோன் லைன் கிடைக்கவில்லை. அதனால் பக்கத்தை முன்கூட்டியே திறந்து அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். மிதுனின் ஷீட்டின் கைங்கரியத்தில் தலைவரின் படம் பெரிதாகவும், அதற்குக் கீழே போர்வை சின்னதாகவும், தலைப்பு பாதி திரைக்கு வெளியேயும் தெரிந்தது. அமைச்சர் ரிப்பனை வெட்டினார். அன்புக்கரசி கிறிஸ்துமஸ் புடவை கட்டிக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அரங்கசாமி ஒலிபெருக்கியில் பேசினார். "உலகத்திலேயே கையால் நெய்த முதல் இணையப் பக்கம் இது. எங்கள் இணையத்திலிருந்து முத்திரை இல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போனதில்லை. பொருள் இல்லாமல் முத்திரை போயிருக்கலாம், முத்திரை இல்லாமல் பொருள் போனதில்லை." கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "முத்திரை பொருளின் மேல்தான் பட வேண்டும், உறையின் மேல் படக் கூடாது என்பது விதி. ஆகவே ஷீட் தெரிகிற இந்தத் திரையின் மேலேயே முத்திரை வைக்கப்படும். வைக்கப்போகிறவருக்கு இன்று முதல் பணி நிரந்தரம் செய்யப்படுகிறது என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்."

பந்தல் ஓரத்தில் நின்றிருந்த பிரான்சிஸ், தலைவர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"வாங்க பிரான்சிஸ்" என்றார் பாலுசாமி. "மேல வாங்க. வந்து முத்திரை வெய்யுங்க."

முழு 'ங்க'. ஒலிபெருக்கியில், அமைச்சருக்கு முன்னால், ஒன்றுக்கு மூன்று முறை. மாசாணம் சாகும்வரை காது கொடுத்துக் காத்திருந்த எழுத்து. பிரான்சிஸின் கால்கள் தாமாகவே மேடை ஏறின. கிடங்கிலிருந்து அந்த மரக்கட்டையைக் கொண்டுவந்து தட்டில் வைத்திருந்தார்கள், பக்கத்தில் ஊதா மை. மாட்டேன் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சட்டைப் பையில் மடித்த தாள் இருந்தது. அதை எடுத்து விரித்து, இதுதான் கையால் எழுதியது என்று சொல்லலாம். மூன்றாம் வரிசையில் அன்புக்கரசி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "எங்க ஊட்டுக்காரரு" என்று சொல்வது வாயசைவில் தெரிந்தது. நிரந்தரம் என்ற சொல் இன்னும் காதில் ரீங்கரித்தது. அந்த நொடி போயிற்று.

"இது கையால் செய்யப்பட்டது என்று உறுதி கூறுகிறேன்" என்றார் பிரான்சிஸ் ஒலிபெருக்கியில். நாக்கு தடுமாறவில்லை. அதுதான் அவருக்கு அசிங்கமாக இருந்தது. கட்டையை மையில் தொட்டுத் திரையில் அழுத்தினார். கண்ணாடியில் மை நிற்கவில்லை. வழுக்கி, தலைவரின் மூக்கிலிருந்து மோவாய்வரை ஊதாவாக ஒழுகியது. வழிந்ததைத் தடுக்கப் பெருவிரலால் துடைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பாலுசாமி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். தொட்டதுமே தெரிந்துவிட்டது, விசைத்தறி.

திரும்பும்போது அன்புக்கரசிக்குக் கால் தரையில் படவில்லை. "ஏனுங்க, கேட்டீங்களா? தலைவரு உங்களை வாங்கன்னாருங்க. மேடையில வெச்சு வாங்கன்னாருங்க. உங்கப்பா இருந்து பார்த்திருக்கோணும்."

"கேட்டேன் அம்மணி."

"ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்குது? நெம்ப நேரம் வெயில்ல நின்னீங்களா?"

பஸ் நிறுத்தத்துக்குச் சாலையைக் கடக்கும்போது அன்புக்கரசி அவர் கையைப் பிடித்தார். பிடித்ததும் ஈரம் தட்டியிருக்க வேண்டும். கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் முழுக்க ஊதா. அன்புக்கரசியின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை; எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"கம்ப்யூட்டருக்கும் மை வெக்கோணுமுங்களா?" என்றார் மெதுவாக.

"நம்ம இணையத்துல வெக்கோணும் அம்மணி."

 அன்புக்கரசிக்குப் புரிந்துவிட்டது; புரிந்துகொண்டதைப் பிரான்சிஸ் பார்க்க வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பிக்கொண்டதைத்தான் பிரான்சிஸால் தாங்க முடியவில்லை. மூலைக் காய்கறிக் கடையில் நின்று அன்புக்கரசி எலுமிச்சம்பழம் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"இத்தனை பழமா? ஊட்ல ஏதாச்சும் விசேசமுங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க" என்றார் அன்புக்கரசி, நிமிராமலே. "இவருக்கு வேலை நெரந்தரமாயிருச்சுங்க."

கடைக்காரர் முகம் மலர்ந்து, வாழ்த்துச் சொல்லப் பிரான்சிஸிடம் கையை நீட்டினார். பிரான்சிஸ் இடது கையைக் கொடுத்தார்.